வெறுங்காலோடு உட்கார்ந்திருக்கும் நீதிபதி

மலருக்கு ஒரு கட்டுரை வேணும், மெஷினைப் பற்றி மட்டும் எழுதிடாதே என்று சங்கச் செயலாளர் அண்ணா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நானோ சாயப்பட்டறையில் சுத்திகரிப்பு நிலையத்தைப் பார்த்துக்கொள்கிற இஞ்சினியர். ஆர்.ஓ., எவாப்பரேட்டர், உப்பு இதைத் தவிர எனக்கு என்ன தெரியும்? ஆனாலும் அந்தச் சுத்திகரிப்பு நிலையம்தான் என்னை இவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது.

2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது நம் ஊரில் யாருக்கும் மறக்காது. அதற்குப் பிறகு நம்ம ஊர்க்காரர்களுக்கு ஐகோர்ட் என்பது அவிநாசி மாதிரி, போய் வருகிற இடமாகிவிட்டது. சில வருஷங்களுக்கு முன் எங்கள் கம்பெனி விஷயமாக வக்கீலுக்குக் கணக்கு விளக்க நானும் போனேன். வக்கீல் வர நேரமாகும் என்றார்கள். சிவப்புக் கட்டடத்துக்குள் சுற்றிக்கொண்டிருந்தபோது அந்தப் பளிங்குச் சிலையைப் பார்த்தேன். தலைப்பாகை கட்டி, நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். காலில் செருப்பு இல்லை. நீதிபதி சிலைக்குக் கால் வெறுமையாக இருக்கிறதே என்று ஆச்சரியமாக இருந்தது. பெயர் சர் டி. முத்துசாமி அய்யர். சென்னை உயர்நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதி.

1832-ல் தஞ்சை ஜில்லா உச்சுவாடியில் பிறந்தவர். சின்ன வயதிலேயே அப்பா போய்விட்டார். அம்மா பிள்ளைகளை அழைத்துக்கொண்டு திருவாரூருக்கு வந்தார். ஆனால் பையன் படிப்பைத் தொடர முடியவில்லை. பன்னிரண்டு, பதிமூன்று வயதில் கிராமக் கணக்கரிடம் உதவியாளாகச் சேர்ந்தான். சம்பளம் மாதம் 1 ரூபாய். நம் ஊர்ப் பாஷையில் சொன்னால் கைமடிக்கிற பையன். பவர் டேபிள் டெய்லர் பக்கத்தில் நின்று துணி மடித்துக் கொடுத்தே சின்ன வயதைக் கழித்தவர்கள் நம் கல்லூரியில் எத்தனை பேர் படித்திருக்கிறோம், சொல்லுங்கள்.

தெருவிளக்கில் படித்து நீதிபதியானவர் என்று பள்ளிக்கூடத்தில் இவரைப் பற்றித்தான் சொல்லித் தருவார்கள். அந்த விளக்குக் கதை கொஞ்சம் அதிகமாகவே ஓடிவிட்டது என்பது என் அபிப்பிராயம். ஏனென்றால் உண்மையில் நடந்தது அதைவிட முக்கியமான விஷயம். ஒருநாள் எங்கோ ஆற்றங்கரை உடைந்துவிட்டது என்று தாசில்தாருக்குத் தகவல் வந்தது. கணக்கர் ஊரில் இல்லை. இந்தப் பையனை அனுப்பினார்கள். அவன் போய், எவ்வளவு உடைப்பு, என்ன சேதம், அடைக்க என்ன வேணும் என்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு வந்து ஒன்றுவிடாமல் சொன்னான். தாசில்தார் முத்துசாமி நாயக்கர் விசாரித்துப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. நான் இஞ்சினியர் ஆனதாலோ என்னவோ, தெருவிளக்கைவிட இந்த சைட் ரிப்போர்ட்தான் எனக்குப் பிடித்திருக்கிறது.

நாயக்கர் பாராட்டிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. பையனை நாகப்பட்டினம் மிஷன் பள்ளியில் இங்கிலீஷ் படிக்க வைத்தார். அப்புறம் சிபாரிசுக் கடிதத்தோடு சென்னைக்கு அனுப்பினார். அங்கே ஹைஸ்கூலில் பவல் துரை என்கிற நல்ல ஆசிரியர் கிடைத்தார். 1854-ல் ஆங்கிலக் கட்டுரைப் போட்டியில் முத்துசாமிக்கு 500 ரூபாய் பரிசு. மாதம் ஒரு ரூபாய்க் கணக்கில் பார்த்தால் நாற்பத்தோரு வருஷத்துச் சம்பளம்!

பிறகு உத்தியோகம் மளமளவென்று மாறியது. கலெக்டர் ஆபீஸ், பள்ளிக்கூட டெபுடி இன்ஸ்பெக்டர், வக்கீல் பரீட்சை, 1859-ல் தரங்கம்பாடியில் ஜில்லா முன்சீப், டெபுடி கலெக்டர், 1865-ல் தென் கன்னடத்தில் நீதிபதிப் பதவி, 1868-ல் சென்னையில் போலீஸ் மாஜிஸ்திரேட். முப்பத்தாறு வயதைத் தாண்டி, வேலையையும் பார்த்துக்கொண்டே பி.எல். பரீட்சை எழுதித் தேறினார். பார்ட் டைமில் எம்.இ. படித்துக்கொண்டு ஷிப்டும் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். அப்புறம் ஸ்மால் காஸ் கோர்ட் ஜட்ஜ்.

1878-ல் அவர் உயர்நீதிமன்ற நீதிபதி ஆனதுதான் பெரிய சண்டையாகிவிட்டது. கல்கத்தாவில் சம்புநாத் பண்டிட் 1863-லேயே ஐகோர்ட் ஜட்ஜ் ஆகிவிட்டார். அதனால் இந்தியாவுக்கே இது புதுசு இல்லை. இருந்தும் சென்னையில் வெள்ளைக்காரர்கள் நடத்திய பத்திரிகைகள் குதித்தன. இந்திய ஆள் ஒருவர் வெள்ளைக்கார ஜட்ஜுகளுக்குச் சமமாக உட்காருவதா என்பதுதான் அவர்கள் எரிச்சல். பத்தொன்பது வருஷம் ஜில்லா ஜில்லாவாக வேலை செய்த அனுபவம் அவர்கள் கண்ணில் படவில்லை.

பதில் சொல்ல இந்தியர்கள் கையில் சென்னையில் சரியான பத்திரிகை இல்லை. திருவல்லிக்கேணியில் ஆறு இளைஞர்கள் கூடினார்கள். ஜி. சுப்பிரமணிய அய்யரும் வீரராகவாச்சாரியாரும் பள்ளி ஆசிரியர்கள். மற்ற நாலு பேரும் சட்ட மாணவர்கள். ஒண்ணே முக்கால் ரூபாய் கடன் வாங்கி 1878 செப்டம்பர் 20-ந் தேதி வாரப் பத்திரிகை ஒன்று போட்டார்கள். எண்பது பிரதிகள்தான். அதுதான் தி இந்து. படித்துக்கொண்டிருந்த பசங்கள், தாங்கள் நாளைக்கு ஏறப்போகிற படியில் ஒருவர் முதலில் ஏறியதற்காக அதைச் செய்தார்கள். செமஸ்டர் பீஸ் கட்டவே திணறுகிற தம்பி தங்கைகள் அந்த ஒண்ணே முக்கால் ரூபாயை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சத்தம் அடங்கியது. முத்துசாமி அய்யர் பதினாறு வருஷத்துக்கு மேல் அந்தப் பெஞ்சில் இருந்தார். இந்துச் சட்ட வழக்குகளில் அவர் எழுதிய தீர்ப்புகளுக்குத் தனி மதிப்பு. விதவைகள் மறுமணத்தை ஆதரித்தார். 1891-ல் மலபார் திருமணக் கமிஷனுக்குத் தலைவர். 1893-ல் சர் பட்டம் வந்தது. அதே வருஷம் சில மாதம் தற்காலிகத் தலைமை நீதிபதியாகவும் இருந்தார். எந்தப் பத்திரிகை குதித்ததோ அதன் வாசகர்கள் அவரைத்தான் தலைமை நீதிபதியே என்று அழைக்க வேண்டியிருந்தது. இன்றைக்கு நாம் பார்க்கிற சிவப்புக் கட்டடம் 1892 ஜூலையில்தான் திறக்கப்பட்டது. அதில் இரண்டரை வருஷம்தான் அவருக்குக் கிடைத்தது.

இவ்வளவையும் படித்த பிறகு எனக்கு ஒரு நெருடல் இருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். முத்துசாமி அய்யர் ஏழைதான், மறுப்பில்லை. ஆனால் அதே உச்சுவாடியில் வயலில் வேலை செய்த ஒரு சேரிப் பையன் அவரை மாதிரியே கெட்டிக்காரனாக இருந்திருந்தால்? கணக்கரிடம் எடுபிடி வேலையே அவனுக்குக் கிடைத்திருக்காது. எழுத்து கற்கத் திண்ணையில் உட்கார விட்டிருக்க மாட்டார்கள். உடைப்பைப் பார்த்து வந்து தாசில்தாரிடம் நேரில் சொல்லவும் முடிந்திருக்காது. பெண்கள் வக்கீல் தொழிலுக்கு வரச் சட்டமே 1923-ல்தான் வந்தது. சென்னையில் ஆனந்தாபாய் வக்கீலாகப் பதிந்தது 1929-ல். சென்னை ஐகோர்ட்டில் நீதிபதியாக இருந்த ஜோலார்பேட்டை ஏ. வரதராஜன், தாழ்த்தப்பட்ட சமூகத்திலிருந்து உச்சநீதிமன்றத்துக்குப் போன முதல் நீதிபதி. அது 1980. முத்துசாமி அய்யர் ஐகோர்ட் பெஞ்சில் உட்கார்ந்து 102 வருஷம் கழித்து.

என்னோடு படித்த ஒருவனின் அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தவர். அவன் இஞ்சினியரிங் முடித்த கையோடு கோவையில் சட்டம் படிக்கப் போனான். முதல் இரண்டு வருஷம் எந்த சீனியரிடம் போய்ச் சேர்வது என்று தெரியாமல் அலைந்தான். அப்பா வக்கீலாக இருந்தவர்களுக்கு அந்த அலைச்சல் இல்லை. இப்போது தொழிலாளர் வழக்குகள் பார்க்கிறான். ஒடிசா, பீகாரிலிருந்து வந்த பிள்ளைகள் அவனிடம் வருகிறார்கள். இந்திப் புத்தகம் ஒன்று மேசை மேல் கிடக்கிறது, நாற்பதை நெருங்கும் வயதில் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருக்கிறான். அவனுக்கு நாயக்கர் மாதிரி யாரும் கிடைக்கவில்லை. அவனிடம் ஜூனியராக வந்த மூன்று பேருமே அவர்கள் வீட்டில் முதல் பட்டதாரிகள்.

முத்துசாமி அய்யர் 1895 ஜனவரி 25-ந் தேதி, பதவியில் இருக்கும்போதே காலமானார். அந்த வருஷமே எஸ். சுப்பிரமணிய அய்யர் நீதிபதியானார். இந்தத் தடவை எதிர்த்து யாரும் குதித்ததாகத் தெரியவில்லை. நண்பர்கள் கோர்ட் வேலையாகச் சென்னை போனால், வக்கீல் வர நேரமாகும் என்று சொல்வார்கள், கட்டாயம் சொல்வார்கள், அப்போது உள்ளே போய் அந்தச் சிலையின் காலைப் பார்த்துவிட்டு வாருங்கள்.