ஒற்றர் நடுவே வ.வே.சு. ஐயர்

திருச்சிராப்பள்ளி வரகனேரியில் 1881 ஏப்ரல் 2ஆம் நாள் பிறந்த வ.வே.சு. ஐயர், தமிழ்ச் சிறுகதையின் முன்னோடியாகவும் கம்பனில் தோய்ந்த திறனாய்வாளராகவும் போற்றப்படுபவர். அவர்தம் எழுத்துப் பணியின் பெரும்பகுதி ஒற்றர்களின் கண்ணெதிரே நடந்தேறியது என்பது அத்துணை நினைக்கப்படுவதில்லை.

பாரிஸ்டர் பட்டம் நாடி இலண்டன் சென்ற ஐயர், ஷியாம்ஜி கிருஷ்ணவர்மா 1905இல் நிறுவிய இந்தியா விடுதியில் சாவர்க்கருடன் இணைந்தார். விடுதலை பேசிய அம்மாணவரிடையே ஸ்காட்லாந்து யார்டு தன் ஆட்களைப் புகுத்தியது. பல் மருத்துவம் பயில வந்தவராக நடித்த கீர்த்திகர் அவருள் ஒருவர். ஐயர் நுணுகி விசாரித்து அவரது உண்மை உருவை வெளிக்கொணர்ந்தார். அடித்து விரட்டுவதே இளங்குருதிக்கு இயல்பு. அங்கு நடந்ததோ வேறு. கீர்த்திகரை விடுதியிலேயே இருக்கவிட்டு, அவர் எழுதும் அறிக்கைகளைச் சாவர்க்கர் பார்த்த பின்னரே காவல்துறைக்குச் செல்லும்படி செய்தனர். எம்.பி.தி. ஆச்சாரியாவை விலைபோனவர்போல் யார்டிடம் அனுப்பி, அவ்வறிக்கைகளுக்கு ஒத்த செய்திகளையும் சேர்ப்பித்தனர். சூழ்ச்சித்திறம் வியக்கத்தக்கதே. ஆயினும், உடனமர்ந்து உண்ணும் தோழனையும் ஐயுற்று நோக்கும் வாழ்வு எத்துணைக் கொடிது!

1909 ஜூலை 1இல் மதன்லால் திங்ரா கர்சன் வில்லியைச் சுட்டபின் கண்காணிப்பு இறுகியது. 1910 மார்ச்சில் சாவர்க்கர் சிறைப்பட்டார். ஐயர் பட்டத்தைத் துறந்து, மாறுவேடத்தில் ஐரோப்பாவினின்று தப்பி, அவ்வாண்டின் இறுதியில் புதுவை சேர்ந்தார். சீக்கியராய் வேடமிட்டதும், பெட்டியிலிருந்த தம் பெயரெழுத்துகளுக்கு வேறொரு பெயர் சொல்லித் துப்பறிவோனை ஏய்த்ததும் கதைபோல வழங்கிவருகின்றன.

புதுவையில் பாரதியும் அரவிந்தரும் முன்னரே அடைக்கலம் புகுந்திருந்தனர். 1911 ஜூன் 17இல் மணியாச்சியில் ஆஷ் கொல்லப்பட்டபின் பிரெஞ்சு மண்ணின் தெருக்களிலும் பிரிட்டிஷ் ஒற்றர் மலிந்தனர். வேவு பார்த்தலோடு அவர்கள் நிற்கவில்லை. ஐயர் வீட்டுக் கிணற்றில் ஒரு ஜாடி கிடைத்தது. உள்ளே அரசுக்கெதிரான துண்டுப்பிரசுரங்கள்! பிறர் இட்ட பொறி அது. பாரதியின் யோசனைப்படி அதனைப் பிரெஞ்சுக் காவலரிடம் தாமே ஒப்படைத்தமையால் பழி தவிர்ந்தது. குடத்தில் நீர் மொள்ளவும் அஞ்சவேண்டிய இல்லறம் அது. அதனைத் தாங்கிய பாக்கியலட்சுமி அம்மையாரின் துணிவும் பேசப்படவேண்டியதே.

1914 செப்டம்பரில் எம்டன் கப்பல் சென்னையைத் தாக்கியது. ஐயர் முதலியோரை ஆப்பிரிக்காவுக்கு நாடுகடத்துமாறு ஆங்கில அரசு பிரெஞ்சு அரசை நெருக்கியது. திரும்புதல் உறுதியில்லை எனக் கண்ட ஐயர், தமக்குப்பின் ஏதேனும் எஞ்சவேண்டுமென்று திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்க்கத் தொடங்கிச் சில திங்களிலேயே முடித்தார். வாயிலில் ஒற்றர் காத்திருக்க, உள்ளே ஒற்றாடல் அதிகாரமும் அவர் கையில் மொழிமாறிக்கொண்டிருந்தது. நாடுகடத்தல் நிகழவில்லை, நூல் 1916இல் வெளிவந்தது. குளத்தங்கரை அரசமரம் பிறந்ததும் இக்காவலுக்குள்ளேதான்.

போர் முடிந்து, 1920இல் தாயகம் மீண்டு தேசபக்தன் இதழை நடத்தினார். 1921இல் பெல்லாரிச் சிறையில் கம்பனை ஆய்ந்தார். பின்னர்ச் சேரன்மாதேவியில் குருகுலம் கண்டார். ஆங்குப் பிராமணச் சிறுவர் இருவருக்குத் தனிப்பந்தி இட்டமை பெரும் பிளவை விளைத்தது. பகைவனின் ஆளை எளிதில் இனங்கண்டவர், சொந்தக் கூடத்துப் பந்தியில் இழைக்கப்பட்ட அநீதியை உரிய வேளையில் களையவில்லை.

பூசல் முற்றியிருந்த 1925 ஜூன் திங்களில், பாபநாசம் அருவியில் தவறிவீழ்ந்த மகள் சுபத்திரையைக் காக்கப் பாய்ந்து, மகளோடு தாமும் மறைந்தார். அப்போது அவருக்கு வயது 44.