இடையன்குடி இருவர்: கால்டுவெல் ஐயரும் எலிசா அம்மையாரும்

சென்னையினின்று திருத்தணிக்குப் புகைவண்டியிற் செல்வோர் இடைவழியிலே திருநின்றவூர் நிலையத்தைக் கடந்து செல்வர். கையிற் பொருளில்லாமையால் மனத்துள்ளேயே கோயில் எழுப்பிய பூசலார் வாழ்ந்த ஊர் அது. அப்பால் அரக்கோணத்தையுங் கடந்து, ஆந்திர நாட்டெல்லைக்கு அணித்தாகிய திருத்தணிகையை அடைந்து மலையேறுவோர், ஆண்டின் நாட்களுக்கு ஒப்ப 365 என எண்ணப்பெறும் கற்படிகளில் அடிவைத்துச் செல்வர். படிகளை எண்ணுவோர் பலர். அவற்றை இட்ட கைகளை எண்ணுவோர் மிகச் சிலரே. எச்சமயத்தாருடைய கோயிலாயினும் இந்நிலை ஒன்றே. பொருள் தந்தவர் பெயர் கல்லிலே பொறிக்கப்படும். ஆயுளைத் தந்தவர் பெயரோ பெரும்பாலும் மறக்கப்படும்.

தமிழ்நாட்டின் தென்கோடியில், இடையன்குடி என்னும் சிற்றூரில், ஒரு கோயிலை எழுப்புதற்கு 33 ஆண்டுகளைத் தந்த கணவனும் மனைவியும் இருந்தனர். கணவர் பெயரைத் தமிழறிந்தார் யாவரும் அறிவர். அவரே திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை இயற்றிய ராபர்ட்டு கால்டுவெல் ஐயர். ஆயினும் அவரை இலக்கண ஆசிரியராக அறிவாரே பலர். கட்டடத் திருப்பணி செய்தவராக அறிவார் சிலர். அத்திருப்பணியிலும் அதனைச் சூழ்ந்த ஊர்ப்பணியிலும் சரிபாதி சுமந்த எலிசா அம்மையாரை அறிவாரோ மிகச் சிலர். ஆதலின் அவ்விருவர் வாழ்க்கையையும் ஒருங்கு வைத்து ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

பிறப்பும் கல்வியும்

கால்டுவெல் 1814-ஆம் ஆண்டு மே மாதம் 7-ஆம் நாள் அயர்லாந்து தேசத்தில் ஸ்காட்லாந்து மரபினரான பெற்றோருக்குப் பிறந்தார். இளமையிலேயே அவர் குடும்பம் ஸ்காட்லாந்திலுள்ள கிளாஸ்கோ நகரிற் குடியேறிற்று. ஓவியக் கலையில் அவருக்கு விருப்பம் மிகுந்திருந்தமையால் டப்ளின் நகருக்குச் சென்று அதனைப் பயின்றார். பின்னர்ச் சமயத்தொண்டில் மனம் பற்றவே தூரிகையைத் துறந்து, லண்டன் மிஷன் சங்கத்திற் சேர்ந்து, கிளாஸ்கோ சர்வகலாசாலையிற் கல்வி பயின்று பட்டம் பெற்றார். மொழிகளை ஒன்றோடொன்று ஒப்புநோக்கி ஆராயும் வேட்கை ஆங்கேதான் அவருள்ளத்தில் வேரூன்றிற்று. துறந்த ஓவியமும் வீண்போகவில்லை. கோடிழுக்கவும் அளவறியவும் பழகிய அக்கையே பிற்காலத்தில் ஒரு கோயிலுக்கும் ஓர் ஊருக்கும் படம் வரைந்தது.

தமிழ்நாட்டு வருகை

1838-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 8-ஆம் நாள் அவர் சென்னைக் கரையில் இறங்கினார். மூன்றாண்டுகளுக்கு மேல் அங்கே தங்கித் தமிழ் கற்றார். 1841-ஆம் ஆண்டில் நற்செய்திப் பரப்புச் சங்கத்தாரொடு சேர்ந்து, அவர்கள் திருநெல்வேலிச் சீமைக்கு அனுப்பத் தெற்கு நோக்கிப் புறப்பட்டார். அக்காலத்து ஐரோப்பியர் குதிரையிலோ பல்லக்கிலோ செல்வதே வழக்கம். கால்டுவெல்லோ நடந்தே சென்றார். சோழநாட்டு ஊர்களைக் கண்டு, நீலகிரியில் ஏறிக் குருப்பட்டம் பெற்று, மதுரை வழியாகத் திருநெல்வேலியை அடைந்தார். குடிகளின் பேச்சையும் வழக்கத்தையும் நேரே அறிதற்கு நடையினும் நல்ல ஆசிரியர் இல்லையென்பது அவர் துணிபு. அவ்வாண்டின் இறுதியில் இடையன்குடி வந்து சேர்ந்தார்.

இடையன்குடி

திசையன்விளைக்கு அணித்தாகவும் கடலுக்குச் சேய்மையின்றியும் உள்ளது அவ்வூர். செம்மணற்றேரி பரந்த நிலம் அது. நெல் விளையாது, பனையே குடிகளின் செல்வம். ஆடவர் பனையேறிப் பதநீர் இறக்குவர். பெண்டிர் அதனைக் காய்ச்சிக் கருப்புக்கட்டி ஆக்குவர். ஆண்டிற் சில மாதங்களே கையிற் பணம் புழங்கும்; மற்றைய மாதங்களிற் கடனே துணை. வீடுகளோ வரிசையும் வழியுமின்றி நெருங்கிக் கிடந்தன. கால்டுவெல் ஐயர் நிலம் வாங்கி, நேரிய தெருக்களை வகுத்து, கிணறுகள் தோண்டுவித்து, நிழல்தரும் மரங்களை வைப்பித்தார். கோயிலுக்குக் கடைகால் இடுமுன்னரே ஊருக்குக் கடைகால் இட்டவர் அவர் என்பதனை நாம் மறத்தலாகாது.

மனைமாட்சி

1844-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நாகர்கோவிலில் அவருக்குத் திருமணம் நிகழ்ந்தது. மணமகள் எலிசா, நாகர்கோவில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மால்ட் ஐயரின் புதல்வியார். மால்ட் ஐயரும் அவர் மனைவியார் மார்த்தா அம்மையாரும் 1819-ஆம் ஆண்டிறுதியில் நாகர்கோவில் வந்தவர்கள். அங்குப் பெண்களுக்குப் பள்ளி நடத்தி, லேஸ் என்னும் நூற்பின்னலைக் கற்பித்தவர் மார்த்தா அம்மையார். திண்டின்மீது வரைபடத்தை விரித்து, ஊசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை மாறி மாறி வீசிப் பின்னும் நுண்ணிய தொழில் அது. திருவிதாங்கூரில் அடிமை முறை ஒழியாத அந்நாளில், அப்பின்னலால் வந்த கூலியைக் கொண்டே தம் விடுதலையைப் பெற்ற பெண்களும் உளர்.

இத்தகைய இல்லத்தில் வளர்ந்த எலிசா அம்மையார்க்குத் தமிழ் ஏட்டிலே கற்ற மொழியன்று. இளமைதொட்டுக் காதிலும் நாவிலும் பயின்ற மொழி. கணவர் இலக்கியத் தமிழில் வல்லுநராயினர்; மனைவியாரோ கிணற்றடியிலும் அடுப்படியிலும் வழங்கும் தமிழில் வல்லுநர். ஒரு தாய் தன் பெண்ணைப் பள்ளிக்கு அனுப்ப அஞ்சும்போது அவ்வச்சத்தைத் தீர்ப்பதற்கு வேண்டுவது இத்தமிழேயன்றோ? அம்மையார் இடையன்குடிக்கு வந்தவுடன் பெண்களுக்கு உணவும் உறையுளும் கூடிய பள்ளியைத் தொடங்கினார். அன்னையிடம் கற்ற பின்னற்றொழிலையும் அங்கே பரப்பினார். பனைத்தொழில் ஓய்ந்த மாதங்களிலும் பெண்டிர் கையிற் சில காசுகள் சேர வழி பிறந்தது. தம் கையால் ஈட்டிய காசு ஒரு பெண்ணுக்கு எத்துணை உறுதி தரும் என்பதனை நாகர்கோவிலிற் கண்டறிந்தவர் அவர்.

கோயிற்றிருப்பணி

மணம் நிகழ்ந்த மூன்றாம் ஆண்டாகிய 1847-இல் இடையன்குடிக் கோயிலுக்குக் கடைகால் இடப்பெற்றது. தேரிக்காட்டுச் சிற்றூரிற் பெரியதொரு கற்கோயில், அதுவும் கூர்நுனி வளைவுகளையுடைய கோதிக் முறையில் எழுப்புவதென்பது எளிய செயலன்று. அரசாங்கத்துப் பொறியாளர் எவரும் அங்கில்லை. ஐயரே படம் வரைந்தார். ஐயரே வேலையை மேற்பார்த்தார். இங்கிலாந்திலுள்ள நண்பர்க்கு எழுதிப் பொருள் வேண்டினார். அப்பொருள் வந்தபோது வேலை நடக்கும், தீர்ந்தபோது நிற்கும். பனையேறிகளாகிய குடிகள் தம்மால் இயன்ற சிறு காணிக்கைகளைத் தந்தனர். ஐயர் உடல்நலங் குன்றித் தாய்நாடு சென்றிருந்த காலங்களும் இடையிலே வந்தன.

இவ்வாறு வளர்ந்த கோயில் 1880-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 6-ஆம் நாள் பரிசுத்த திரித்துவ ஆலயம் என்னும் பெயரால் பிரதிஷ்டை செய்யப்பெற்றது. தொடங்கியபோது ஐயருக்கு வயது 33, முடிந்தபோது 66. தாம் அதுவரை வாழ்ந்த ஆயுளிற் சரிபாதி அக்கட்டடம் எழுந்துகொண்டேயிருந்தது. கடைகால் நாளிற் கைக்குழந்தையாயிருந்தவர்கள் தம் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு திறப்பு விழாவுக்கு வந்திருத்தல் கூடும்.

இத்துணை நெடுங்காலத் திருப்பணியில் எலிசா அம்மையார் செய்தது யாதென வினவுவார் உளர். சுவர் எழும்ப வேண்டுமாயின் அதனை வேண்டும் மக்கள் நிலைத்திருத்தல் வேண்டும். வேலை நின்ற ஆண்டுகளிலும் நில்லாது நடந்தவை பெண்கள் பள்ளியும் பின்னற் சாலையுமே. கல்லின்மேற் கல் ஏறாத நாட்களிலும் அங்கே எழுத்தின்மேல் எழுத்து ஏறிற்று. அன்றியும் ஐயர் நூலாராய்ச்சியிலும் ஊர் சுற்றுவதிலும் ஈடுபட்டபோது இல்லமும் பள்ளியும் தளராது நின்றது அம்மையாராலன்றோ? கட்டடத்தில் வெளியே தோன்றுவது சுவர். தோன்றாது தாங்குவது கடைகால். அம்மையார் பணி பின்னதை ஒத்தது.

நூற்பணி

ஐயரது நூற்பணியைத் தமிழ் மாணவர் நன்கறிவராதலின் இங்கு விரித்துரையோம். தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் முதலியன ஒரு குலத்து மொழிகள் என்றும், அவை வடமொழியிற் பிறந்தவையல்ல என்றும் விரிவாக நிறுவிய அவரது ஒப்பிலக்கணம் 1856-இல் வெளிவந்தது. திருத்திய இரண்டாம் பதிப்பு 1875-இல் வந்தது. தமிழ் வேதாகமத்தைத் திருத்த அமைந்த குழுவிலும் அவர் பணியாற்றினார். கொற்கையில் நிலத்தை அகழ்ந்து பழம்பொருள் தேடினார். திருநெல்வேலிச் சரித்திரத்தை 1881-இல் வெளியிட்டார். இவற்றுக்கெல்லாம் அடிப்படையான சொற்களும் வழக்குகளும் பெரும்பாலும் இடையன்குடித் தெருக்களிலேயே அவர் செவியில் விழுந்தவை.

ஒரு மனத்தாங்கல்

பெரியோர் வாழ்க்கையைக் கூறுங்கால் நலத்தை மட்டுங் கூறி மற்றதை மறைப்பது முறையன்று. தாம் யாரிடையே வாழ்ந்தாரோ அந்த நாடார் சமூகத்தாரைப் பற்றி 1849-இல் ஐயர் ஆங்கிலத்தில் ஒரு சிறுநூல் வெளியிட்டார். சீமையிலுள்ளாரின் இரக்கத்தையும் பொருளுதவியையும் வேண்டி எழுதப்பெற்ற அந்நூலில் அம்மக்களின் அறிவையும் ஒழுக்கத்தையும் பழமையையுங் குறைத்துக் கூறும் பகுதிகள் பல இருந்தன. கல்வி பரவியபின் அச்சமூகத்தார் அதனைப் படித்து மனம் புண்பட்டனர், கண்டனங்கள் எழுந்தன, மறுப்பு நூல்கள் தோன்றின. ஊருக்குத் தெரு வகுத்த கையே அவ்வூராரின் மானத்தைக் குறைத்தும் எழுதிற்று என்பது வருந்தத்தக்கது.

ஆயினும் இதில் நாம் உற்றுநோக்கத்தக்கது ஒன்றுண்டு. அந்நூலை மறுத்தெழுதியவர்கள் மிஷன் பள்ளிகளில் எழுத்தறிவு பெற்றவர்களே. ஏழைகள் என இரங்கப்பட்டவர், எழுதுகோல் ஏந்தி, இரக்கம் வேண்டேம், மதிப்பே வேண்டுவேம் என்று நிமிர்ந்தனர். பிறர்க்குத் தொண்டு செய்வோர் அவரைத் தாழ்ந்தோராக எண்ணுதல் எளிதில் நேரும் பிழை. அப்பிழையைத் திருத்தும் ஆற்றலையும் அத்தொண்டே அவர்க்கு அளிக்குமாயின், அத்தொண்டு முற்றும் வீணாயிற்று என்று எவர் கூறுவர்?

பஞ்சமும் பட்டமும்

1877-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 11-ஆம் நாள் கல்கத்தாவில் ஐயருக்கு அத்தியட்சர் பட்டம் அளிக்கப்பெற்றது. அக்காலத்தே தென்னாட்டைப் பெரும்பஞ்சம் வருத்திற்று. புதிய அத்தியட்சர்க்குக் கஞ்சித்தொட்டியும் அநாதைக் குழந்தைகளுமே முதற்கவலையாயின. அக்காலத்தில் மிஷனை நாடி வந்தோர் பல்லாயிரவர். 1883-இல் இருவரும் இடையன்குடியை விட்டுத் தூத்துக்குடிக்குச் சென்றனர். அம்மையார் அவ்வூருக்கு மணமகளாய் வந்து ஏறக்குறைய 40 ஆண்டுகள் ஆகியிருந்தன. தூத்துக்குடியிலும் ஐயர் கல்லூரிப் பணியை மேற்கொண்டார்.

முடிவு

1891-ஆம் ஆண்டு தொடக்கத்தில் ஐயர் பதவியினின்று விலகிக் கொடைக்கானல் மலையில் ஓய்ந்திருந்தார். அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் 28-ஆம் நாள் ஆங்கே உயிர் நீத்தார். அவர் உடல் மலையினின்றும் இறக்கப்பெற்று, நெடுந்தொலைவு கடந்து இடையன்குடிக்குக் கொண்டுவரப்பட்டு, தாமே எழுப்பிய கோயிலின் பலிபீடத்தடியில் அடக்கஞ் செய்யப்பெற்றது. எலிசா அம்மையார் மேலும் எட்டாண்டுகள் வாழ்ந்து 1899-இல் மறைந்தார். அவர் உடலும் இடையன்குடியிலேயே இடம் பெற்றது.

சென்னைக் கடற்கரையில் 1968-இல் நடந்த உலகத் தமிழ் மாநாட்டையொட்டி ஐயருக்குச் சிலை நாட்டப்பெற்றது. அவர்தம் இடையன்குடி இல்லத்தைத் தமிழ்நாடு அரசு நினைவில்லமாக்கியுள்ளது. அம்மையார்க்குக் கடற்கரையிற் சிலையில்லை. ஆயினும் எழுத்தறிந்த தாய்மாரின் மக்கள் அவர்க்கு உயிருள்ள நினைவுச்சின்னமாய்த் திகழ்வர்.

இவ்வாழ்க்கையால் நம் மாணவர் அறியவேண்டுவது யாது? விடுமுறைக் காலங்களிற் சிற்றூர்களுக்குச் சென்று சாலை திருத்தியும் பள்ளிக்குச் சுவரெடுத்தும் தொண்டு செய்யும் இளைஞர் நம்மிடையே உளர். பத்து நாளில் முடியும் பணியைப் போற்றுகின்றோம். அதனினும் அரியது, முடியுமோ முடியாதோ என்றறியாது முப்பத்துமூன்று ஆண்டு நிற்கும் பணி. அத்தகைய பணியிற் புகுவோர்க்குத் தனிமை பெரும்பகை; ஒத்த உள்ளத்துத் துணையே பெரும்படை. துணை செய்தாரின் பெயரையும் கல்லில் எழுத நாம் கற்போமாக. யாருக்குத் தொண்டு செய்கின்றோமோ அவரை நம்மினுந் தாழ்ந்தோராகக் கருதாதிருக்கவும் கற்போமாக. இவ்விரண்டையுங் கற்றவர் எழுப்பும் கட்டடம் கோயிலாயினும் ஆகுக, பள்ளியாயினும் ஆகுக. அது நெடுநாள் நிலைபெறும்.