வைத்தியர் சாமுவேல் கிறீன்

அனலைதீவிற் பிறந்து தமிழிலே ஏடு தொடக்கிய நாம் மறத்தற்கரியவர் வைத்தியர் கிறீன். 1822இல் அமெரிக்க நாட்டு வூஸ்ரர் நகரிற் பிறந்த இவர், 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் வைத்தியம் செய்தும் கற்பித்தும் வாழ்ந்தார். தம் சமயம் பரப்ப வந்தவரே. அந்நோக்கில் நமக்கு உடன்பாடில்லை. ஆயினும், ஆங்கிலத்தில் வைத்தியம் கற்றோர் உத்தியோகம் தேடிப் போய்விடக் கிராமங்கள் வைத்தியரின்றித் தவித்தலைக் கண்டு, 1864 முதல் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்தார்.

அதற்கு வேண்டிய நூல்கள் எங்கே? மாணவர் துணைகொண்டு தாமே ஆக்கினார். 1852இலேயே ‘அங்காதிபாதம்’ வந்திருந்தது. ‘இரணவைத்தியம்’ 1867இலும் ‘கெமிஸ்தம்’ 1875இலும் வெளிவந்தன. கெமிஸ்தம் என்னும் பெயர் இன்று நமக்கு நகை விளைக்கலாம். இரசாயனத்தைத் தமிழிற் கற்பிக்க அன்று முற்பட்டோர் எத்துணைப் பேர்?

1873இல் தாயகம் மீண்டும் அப்பணியை விட்டாரல்லர். ‘மனுஷ சுகரணம்’ 1883இல் வெளியாயிற்று. மறு ஆண்டு, பிறந்த ஊரிலேயே காலமானார்.