யாழை மீட்ட விஞ்ஞான ஆசிரியர்

விஞ்ஞானம் பயில்வோர்க்குத் தமிழ் எதற்கு என்று கேட்போர் நம் விடுதியில் உளர். தமிழ் பயில்வோர்க்கு விஞ்ஞானம் எதற்கு என்று கேட்போரும் உளர். இரு சாராரோடும் வாதிட்டு எனக்கு அலுத்துவிட்டது. ஆதலின் இம்முறை வாதத்தை விடுத்து, ஒரு பெரியாரின் வரலாற்றைக் கூற முன்வந்தேன். அவர் விஞ்ஞானப் பட்டதாரி; பள்ளி ஆசிரியர்; துறவி; இரு பல்கலைக்கழகங்களில் தமிழ்ப் பேராசிரியர். பல நூற்றாண்டுகளாக ஒலி அடங்கிக் கிடந்த யாழ் என்னும் கருவியின் அமைப்பையும் அளவையும் ஆராய்ந்து, அது மீண்டும் செய்யப்பட வழி கண்டவர். அவரே விபுலானந்த அடிகள்.

அடிகளாரை நான் தேடிச் சென்றதற்கு ஒரு காரணம் உண்டு. என் ஊர் மூணாற்றை அடுத்த பள்ளிவாசல். 1940-இல் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிய ஊர் என்று புத்தகங்கள் கூறும். எங்களுக்கோ அது தேயிலைத் தோட்டம். மஞ்சு இறங்கும் மலை. பிழைப்புத் தேடி மலை ஏறிய தமிழர் குடியிருக்கும் லயங்கள். என் அப்பத்தா அங்கே கொழுந்து கிள்ளியவர். மலை ஏறியபோது அவர் கொண்டு வந்த உடைமை ஒரு மூட்டை. பாட்டோ நூறு மூட்டை. நான் பள்ளியில் படிக்கும்போது தமிழ்ப் பாடத்தில் யாழ் என்ற சொல் வந்தது. அதற்கு எத்தனை நரம்பு, எந்த மரத்தால் செய்வது, எப்படிச் செய்வது என்று கேட்டேன். பழைய இசைக்கருவி என்று எழுதிக்கொள்ளும்படி விடை கிடைத்தது. எழுதிக்கொண்டேன்; மனம் அமையவில்லை. பின்னர்க் கல்லூரியில் அதிர்வும் அலையும் படித்தபோது அவ்வினா மீண்டும் தலை தூக்கிற்று. நூலகத்தில் தேடியபோது அடிகளாரின் 'யாழ் நூல்' கைக்குக் கிட்டியது.

ஈழத்தின் கீழைக் கடற்கரையில், மட்டக்களப்புக்குத் தெற்கே காரைதீவு என்னும் சிற்றூர் இருக்கிறது. அங்கே சாமித்தம்பி, கண்ணம்மை என்போர்க்கு மகனாக 1892-இல் அடிகளார் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் மயில்வாகனன். அதே 1892-இல்தான் டாக்டர் உ. வே. சாமிநாத ஐயர் சிலப்பதிகாரம் முழுவதையும் முதன்முதலில் அச்சிட்டு வெளியிட்டார். பிறந்த குழந்தைக்கும் வெளிவந்த நூலுக்கும் பின்னர் நேர்ந்த உறவை அன்று எவர் அறிந்திருக்க முடியும்?

மயில்வாகனனார் மட்டக்களப்பில் கல்வி கற்று, பதினாறாம் வயதில் கேம்பிரிட்ஜ் தேர்வில் வெற்றி பெற்றார். கொழும்பில் ஆசிரியப் பயிற்சியும், தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞானமும் பயின்றார். 1916-இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் தேர்வில் தேறினார். ஈழத்திலிருந்து அப்பட்டம் பெற்றவருள் அவரே முதல்வர் என்பர். யாழ்ப்பாணத்தில் சம்பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்தார். வேலை பார்த்துக்கொண்டே படித்து, 1920-இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டமும் பெற்றார். பகலில் சோதனைச் சாலை, இரவில் இலக்கண ஏடு என்று வாழ்ந்த அவருக்கு இரண்டும் வேறு வேறு உலகங்களாகத் தோன்றவில்லை. நமக்குத்தான் அப்படித் தோன்றுகின்றன.

மானிப்பாய் இந்துக் கல்லூரியின் தலைமை ஆசிரியராகச் சிறிது காலம் இருந்தபின், 1922-இல் சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தை அடைந்தார். 1924-இல் துறவு பூண்டு விபுலானந்தர் ஆனார். துறவு அவரை உலகத்திலிருந்து பிரித்துவிடவில்லை. ஈழம் திரும்பிப் பள்ளிகளை நடத்தினார். 1929-இல் மட்டக்களப்புக் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அவரைத் தமிழ்ப் பேராசிரியராக அழைத்தது. அங்கிருந்த காலத்தில், அருகேயுள்ள திருவேட்களத்தில் தாழ்த்தப்பட்ட மக்கள் வாழ்ந்த பகுதிக்குச் சென்று அங்குள்ள பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். லயத்தில் பிறந்து படித்த எனக்கு, பேராசிரியர் நாற்காலியினும் அவர் அங்கே அமர்ந்த தரையே பெரிதாகப் படுகிறது. தமிழில் விஞ்ஞானக் கலைச்சொற்களை ஆக்கும் பணி சென்னையில் நடந்தபோது அதிலும் அவர் பங்கு கொண்டார்.

இனி யாழுக்கு வருவோம். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் மாதவியின் ஆடலுக்கு யாழாசிரியன் யாழ் அமைக்கும் முறை கூறப்படுகிறது. பதினான்கு நரம்புகள், அவற்றுள் முதலில் எது, இடையில் எது, எந்த நரம்பிலிருந்து எந்தப் பாலை பிறக்கும் என்பவை அங்கே சுருக்கமாக உள்ளன. யாழ் நேரில் இருந்த காலத்தார்க்கு அச்சுருக்கம் போதும். கருவியே மறைந்தபின் அது பூட்டிய பெட்டி. பழைய உரையாசிரியர்கள் பேரியாழுக்கு 21, மகரயாழுக்கு 19, சகோடயாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7 என நரம்புகளின் தொகை கூறிச் சென்றனர். தொகை தெரிந்தது, கருவி இல்லை.

அடிகளார் அப்பெட்டியைத் திறக்க இரண்டு திறவுகோல்களைக் கையாண்டார். ஒன்று, சங்க இலக்கியம். பொருநராற்றுப்படையைப் படித்த நண்பர்கள் அதன் தொடக்கத்தில் வரும் யாழ் வருணனையை உவமை நயம் என்று பாராட்டிக் கடந்திருப்பர். அதைத் தச்சன் கண்கொண்டு பாருங்கள். பத்தர் என்னும் குடம் மானின் குளம்பு பதிந்த தடம் போன்றது. அஃதாவது நடுவே உயர்ந்து இரு புறமும் தாழ்ந்தது. அதன்மேல் போர்த்த தோலின் நிறம் விளக்கின் சுடர். தோலின் இரு தலைப்பையும் இழுத்துத் தைத்த தையல், இளஞ்சூலுடைய பெண்ணின் வயிற்றில் ஓடும் மெல்லிய மயிர் வரிசை போல நேராகச் செல்கிறது. ஆணிகள் நண்டின் கண்போல் துளையை இறுக அடைத்து நிற்கின்றன. வாய் எட்டாம் நாள் பிறையின் வடிவு. கோடு படமெடுத்த பாம்பு போல மேலெழுந்து வளைகிறது. அக்கோட்டில் நரம்பைப் பிணிக்கும் வார்க்கட்டாகிய திவவு, முன்கையில் இறுகிய வளையல் வரிசை போன்றது. நரம்போ குற்றிய தினையரிசி போல் முறுக்கும் பிசிரும் அற்றது. இதனினும் தெளிவாக ஒரு பட்டறைக்கு எவர் குறிப்பு எழுத முடியும்? யாழ் நூலின் ஏழு இயல்களில் யாழுறுப்பியல் என்னும் இயல் இவ்வுறுப்புக்களை ஆராய்வதாகும்.

இரண்டாவது திறவுகோல் கணக்கு. ஒரே பருமனும் ஒரே இழுவிசையும் உள்ள நரம்பைப் பாதி நீளமாக்கினால் ஒலி ஒரு தானம் உயரும். மூன்றில் இரண்டு பங்காக்கினால் குரல் என்ற முதல் இசைக்கு இளி என்ற ஐந்தாம் இசை பிறக்கும். நான்கில் மூன்று பங்காக்கினால் உழை பிறக்கும். இளிக்கு இளி, அதற்கும் இளி என்று பன்னிரண்டு முறை ஏறினால், ஏழு தானம் உயர்ந்த குரலில் வந்து முடியவேண்டும். கணக்கிட்டுப் பாருங்கள்: 128 வரவேண்டிய இடத்தில் ஏறத்தாழ 129.75 வரும். இச்சிறு மிச்சத்தை எங்கே வைப்பது என்பதே உலக இசையறிஞர் எல்லாரையும் வருத்திய சிக்கல். தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917-இல் வெளியிட்ட 'கருணாமிர்த சாகரம்' என்ற பெருநூலில் ஒரு தானத்துக்கு 24 சுருதி என்று நிறுவ முற்பட்டார். அடிகளாரோ 22 என்ற முறையை மேற்கொண்டார். இருவருள் எவர் பக்கம் நியாயம் என்பதை இசைத் துறையார் ஆராயட்டும். இருவரும் கணக்கை முன்வைத்தே பேசினர் என்பது நாம் மனங்கொள்ளத் தக்கது.

இமயச் சாரலில் மாயாவதியில் மடத்தின் ஆங்கில இதழுக்கு ஆசிரியராக இருந்த காலத்திலும், 1943-இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்த பின்னரும் அவர் இவ்வாய்வை விடவில்லை. பத்தாண்டுக்கு மேற்பட்ட உழைப்பு அது.

படித்ததோடு நில்லாமல் நானும் ஒரு சிறு யாழ் செய்து பார்க்க ஆசைப்பட்டேன். விடுமுறையில் பள்ளிவாசலுக்குச் சென்றபோது, எங்கள் லயத்துக்கு அருகில் இருந்த தச்சாசாரி மாமாவை நாடினேன். அவர் கதவும் கட்டிலும் செய்பவர். இசைக்கருவி செய்து பழக்கம் இல்லை. ஆயினும் பலாக்கட்டை ஒன்றைத் தந்து, உளி பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். குடம் குடைய ஒன்பது நாள். ஆட்டுத்தோலை நனைத்துப் போர்த்தித் தைத்து நிழலில் உலர்த்தினோம். ஏழு நரம்பு பூட்டினோம். முதல் நரம்பைக் குரலாக்கி ஒவ்வொன்றாக முறுக்கிச் சென்றேன். ஏழாவதை முறுக்கி முடித்தபோது முதலாவது தளர்ந்து போயிருந்தது! அதை முறுக்கினால் மற்றவை தளர்ந்தன. ஒரு நரம்பு 3 கிலோ எடையளவு இழுத்தால் ஏழும் சேர்ந்து 21 கிலோ. நான் இழைத்திருந்த மெல்லிய கோடு அச்சுமையில் வளைந்து கொடுத்தது. பதினான்கு நரம்பாயின் 42 கிலோ அன்றோ! பாம்பின் கழுத்துப் போலக் கோடு அடியில் தடித்து ஏன் எழ வேண்டும் என்பது அன்று விளங்கிற்று. போதாக்குறைக்கு வைகாசிக் கடைசியில் மழை இறங்கியது. மஞ்சு பட்ட தோல் தொய்ந்து, ஒலி செத்துவிட்டது.

மாமா சலிக்கவில்லை. கோட்டைத் தடித்த கட்டையில் புதிதாகச் செதுக்கினோம். வார்க்கட்டுக்களை வளையல் போல இறுக்கினோம். தோலை அடுப்படியில், புகை படும் தொலைவில் தொங்கவிட்டு வாட்டினோம். பின்பு உப்புத்தாள் கொண்டு தேய்த்து எண்ணெய் பூசி முடித்தோம். ஒரு பாட்டு முடியும் வரையில் சுருதி நின்றது. அதற்கு மேல் நிற்கவில்லை. யாழ் ஏன் மறைந்தது என்பதற்கு அறிஞர் பல காரணம் கூறுவர். நரம்பு ஒன்றுக்கு இசை ஒன்றே என்ற அமைப்பில் கமகம் எழுப்புதல் அரிது. மெட்டுப் பதித்த வீணையில் ஒரு தந்தியே பல இசை தரும். தந்தியை இழுத்து அசைக்கவும் இயலும். அக்காரணங்களோடு தொய்ந்த தோலையும் வளைந்த கோட்டையும் நான் சேர்த்துக்கொண்டேன். ஆயினும், கோட்டில் கயிறு கட்டித் தோல் போர்த்த யாழின் உறவுக் கருவியாகிய சௌங் பர்மாவில் இன்றும் இசைக்கப்படுகிறது. ஆகவே கைவினைஞர் பரம்பரை அறாது இருந்தால் இக்குறைகளைத் தாங்கியும் ஒரு கருவி வாழ முடியும் என்பது தெளிவு.

அந்த யாழில் அப்பத்தாவின் தாலாட்டு ஒன்றை மீட்டிப் பார்த்தேன். அவர் பாடப் பாட நரம்பைத் தேடினேன். மூன்று அடி அமைந்தது. நான்காம் அடி ஏழு நரம்புக்குள் அடங்காத ஓர் இடத்தில் நழுவிற்று. அடுத்த விடுமுறையில் அளவுக் கருவி கொண்டு வந்து அதைப் பதிவு செய்து கணக்கிடலாம் என்று விட்டுவிட்டேன். அடுத்த விடுமுறைக்கு நான் சென்றபோது அப்பத்தா இல்லை. அத்தாலாட்டின் நான்காம் அடி எங்கள் லயத்தில் எவருக்கும் இப்போது சரியாக வரவில்லை. ஒரு கருவி எப்படி மறைகிறது, ஓர் இசை எப்படி மறைகிறது என்பதை நான் நூலில் படித்தறிந்தது பாதி. இதனால் அறிந்தது மறுபாதி.

அடிகளார் தம் பணியை அடுத்த விடுமுறைக்கு என்று ஒத்திப் போட்டவர் அல்லர். 1947 ஜூன் மாதத்தில், திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவில் யாழ் நூல் அரங்கேறியது. அவர்தம் ஆராய்ச்சியின்படி அமைத்த முளரியாழ் முதலிய கருவிகளை ஊர்வலமாக எடுத்து வந்தனர். சங்கீத பூஷணம் க. பொ. சிவானந்தம் பிள்ளை யாழை மீட்டினார். ஏட்டில் மட்டும் வாழ்ந்த பெயர் அவையோர் செவியில் ஒலியாயிற்று. உடல் நலிந்திருந்த அடிகளார் அதனைக் கேட்டார். ஒன்றரைத் திங்கள் சென்றது. ஜூலை 19-இல் கொழும்பில் அவர் மறைந்தார். அவருடைய உடல் தாம் வளர்த்த சிவானந்த வித்தியாலயத்தின் மண்ணிலேயே அடக்கம் செய்யப்பெற்றது. அதனை அடுத்த கல்லடி வாவியில், நிலவுக் காலத்தில் மீன் பாடும் என்பது மட்டக்களப்பு மக்களின் நம்பிக்கை. அந்த நீரொலியையும் செவி கொடுத்துக் கேட்டு நூலுக்குள் கொண்டுவந்தவர் அடிகளார்.

அவர் மறைவுக்குப் பின் யாழ் மேடைக்கு மேடை பரவிவிடவில்லை. அதையும் மறைக்காமல் கூற வேண்டும். ஆயினும் விதை வீண் போகவில்லை. அண்மை ஆண்டுகளில் சென்னையில் தருண் சேகர் என்னும் இளைஞர் தம் சிறு பட்டறையில் யாழைக் கையால் செய்து இசைக்கச் செய்து வருகிறார். ஒரு நூலும் ஒரு பட்டறையும் இருந்தால் மறைந்தது மீளும் என்பதற்கு இது சான்று.

நண்பர்களே! நம்முள் பலர் ஊரை விட்டு வந்தோம்; சிலர் ஊரை விட்டு வந்தோரின் பேரர். நம் வீடுகளில் பாட்டும், சொல்லும், கைத்தொழிலும் முதியோர் நாவிலும் விரலிலும் இருக்கின்றன. அவற்றை அளந்து எழுதி வைக்கும் பயிற்சியை விஞ்ஞானம் நமக்குத் தந்திருக்கிறது. பொருள் அறியும் கண்ணைத் தமிழ் தந்திருக்கிறது. காரைதீவிலிருந்து வந்த ஓர் ஆசிரியர் இரண்டையும் சேர்த்துப் பிடித்தார், யாழ் மீண்டது. இவ்விடுமுறையில் வீடு செல்லும் ஒவ்வொருவரும், முதியவர் ஒருவர் அருகே அமர்ந்து ஒரு பாட்டையேனும் நான்காம் அடி வரையில் எழுதி வாருங்கள். அதனை இவ்விதழில் வெளியிட இடம் கேட்டுப் பெறும் பொறுப்பை நான் ஏற்கிறேன்.