மூச்சுக்குத் தவித்த சிறுவன் அமெரிக்க அதிபரானது எப்படி? தியோடர் ரூஸ்வெல்ட்டின் கதை

டெடி பியர் பொம்மை தெரியாதவங்க இருக்க முடியாது. ஆனா அந்த 'டெடி' யார்னு யோசிச்சிருக்கீங்களா? அமெரிக்காவின் 26-வது அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்தான் அவர். 1902-ல் மிசிசிப்பியில் வேட்டைக்குப் போன இடத்தில், கட்டிப்போட்ட ஒரு கரடியைச் சுட அவர் மறுத்துவிட்டார். அது பத்திரிகையில் கார்ட்டூனாக வந்து, பிறகு பொம்மையாகக் கடைக்கு வந்தது.

இவரைப் பற்றி அடிக்கடி சொல்லப்படும் கதை ஒண்ணு உண்டு. நோஞ்சான் பையன் உடற்பயிற்சி செய்தான், ஆஸ்துமாவை விரட்டினான், அதிபரானான். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் உண்மையில் நடந்தது இவ்வளவு எளிமையானது இல்லை.

(போலியோவால் பாதிக்கப்பட்ட, இரண்டாம் உலகப் போர்க் கால அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் வேறு. அவர் இவருக்குத் தூரத்து உறவு.)

ராத்திரியில் கிளம்பிய குதிரை வண்டி

1858 அக்டோபர் 27-ம் தேதி, நியூயார்க்கில் ஒரு வசதியான குடும்பத்தில் பிறந்தார் தியோடர். நான்கு பிள்ளைகளில் இரண்டாவது. சின்ன வயதிலேயே ஆஸ்துமா வந்துவிட்டது. படுத்தால் மூச்சு முட்டும் என்பதால் பல இரவுகள் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தபடியே கழிந்தன.

இன்ஹேலர் இல்லாத காலம் அது. கடும் காபி, வாந்தி எடுக்க வைக்கும் மருந்து, ஏன், சுருட்டுப் புகைகூட அப்போது வைத்தியம்தான்! எதுவும் பலிக்காத இரவுகளில் அப்பா பையனைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் நடப்பார். சில நாள் குதிரை வண்டியைப் பூட்டி, முகத்தில் காற்று படட்டும் என்று தெருத்தெருவாகச் சுற்றி வருவார்.

பள்ளிக்குச் சரியாகப் போக முடியாததால் படிப்பு பெரும்பாலும் வீட்டில்தான். பறவை, பூச்சி, எலி எல்லாவற்றையும் சேகரித்து, வீட்டுக்குள்ளேயே ஒரு குட்டி அருங்காட்சியகம் நடத்தினான் அந்தப் பையன்.

அப்பா வைத்த சவால்

தியோடருக்கு 11, 12 வயது இருக்கும்போது அப்பா ஒரு விஷயத்தை நேரடியாகச் சொன்னார். உன் மூளைக்குக் குறைவில்லை, ஆனால் உடம்பு ஒத்துழைக்காவிட்டால் அது எங்கேயும் போகாது, அந்த உடம்பை நீயேதான் உழைத்து உருவாக்கணும் என்பதுதான் அதன் சாரம். முதலில் உடற்பயிற்சிக் கூடம், பிறகு வீட்டு மாடியிலேயே எடைக்கருவிகள், தொங்கிப் பழகக் கம்பிகள் என ஏற்பாடு ஆனது.

உடனே மாற்றம் வந்ததா? இல்லை. 1872-ல் மெய்ன் மாகாணத்துக்குத் தனியாக வண்டியில் போகும்போது, இரண்டு பையன்கள் அவனைச் சீண்டினார்கள். திருப்பி அடிக்கப் போனவனை அவர்கள் சுலபமாக மடக்கிவிட்டார்கள். அந்த அவமானத்தில் பாக்ஸிங் கற்கத் தொடங்கினான். கிட்டத்தட்ட அதே சமயத்தில் மூக்குக்கண்ணாடியும் வந்தது. தனக்கு இத்தனை நாள் எதுவுமே சரியாகத் தெரியவில்லை என்பதே அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது!

டாக்டரின் எச்சரிக்கையும் காட்டு வாழ்க்கையும்

1876-ல் ஹார்வர்டில் சேர்ந்தார். 1880-ல் படிப்பு முடியும் நேரத்தில், இதயம் பலவீனமாக இருக்கிறது, மாடிப்படி ஏறுவதைக்கூடக் குறைத்துக்கொள் என்றார் பரிசோதித்த டாக்டர். ரூஸ்வெல்ட் கேட்கவில்லை. அடுத்த ஆண்டே ஆல்ப்ஸ் மலைத்தொடரின் மேட்டர்ஹார்ன் சிகரத்தில் ஏறினார்.

1884 பிப்ரவரி 14 அன்று, ஒரே வீட்டில், ஒரே நாளில் அவரது தாயும் மனைவியும் இறந்தார்கள். மகள் பிறந்து இரண்டே நாள். குழந்தையை அக்காவிடம் விட்டுவிட்டு, டகோட்டாவின் வறண்ட நிலத்துக்கு மாடு வளர்க்கப் போனார். கண்ணாடி போட்ட பணக்காரப் பையன் என்று கிண்டல் செய்தவர்களுக்கு நடுவில், நாள் முழுக்கக் குதிரை மேல் இருந்து வேலை கற்றார். 1886-87 குளிர்காலத்தில் பெரும்பாலான மாடுகள் செத்து, போட்ட பணத்தில் பாதிக்கு மேல் போயிடுச்சு. ஆனா உடம்பு தேறியிருந்தது.

அப்போ ஆஸ்துமா குணமாச்சா?

முழுசா இல்லை. இளமையில் குறைந்தது, பிறகும் அவ்வப்போது வந்தது. சிறுவயது ஆஸ்துமா பலருக்கு வளர வளரத் தானாகவே தணிவதும் உண்டு. அதனால் எல்லாப் புகழையும் உடற்பயிற்சிக்கே கொடுத்துவிட முடியாது. அதேபோல, டாக்டர் பேச்சை மீறியதும் நாம் பின்பற்ற வேண்டிய பாடம் இல்லை. அவருக்கு அது அதிர்ஷ்டமாக அமைந்தது, அவ்வளவுதான்.

அதே வீடு, அதே வசதி. தம்பி எலியட் சின்ன வயதில் அண்ணனைவிடத் திடமானவர். ஆனால் குடிப்பழக்கத்தில் சிக்கி 34 வயதில் இறந்தார். மன உறுதி மட்டும் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்றால், இந்தக் கணக்கு இடிக்குது இல்லையா?

வரவும் செலவும்

1901-ல், 42 வயதில் அதிபரானார் ரூஸ்வெல்ட். அந்தப் பதவிக்கு வந்தவர்களில் இன்றுவரை இவர்தான் மிக இளையவர். சுமார் 23 கோடி ஏக்கர் பொது நிலத்தைக் காடுகளாகவும் பூங்காக்களாகவும் சரணாலயங்களாகவும் பாதுகாத்தார். இந்தியாவின் பரப்பளவில் கால் பங்குக்கும் மேல்! அதில் பல, பூர்வகுடிகளிடமிருந்து பறிக்கப்பட்ட நிலங்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

பலத்தின் மீதான மோகத்துக்கு விலையும் இருந்தது. வெள்ளை மாளிகையில் பாக்ஸிங் பயிற்சியின்போது விழுந்த அடியில் இடது கண் பார்வை போனது. போரை ஆண்மையின் சோதனையாகப் பார்த்த அவர், தன் மகன்களும் முதல் உலகப் போருக்குப் போவதை விரும்பினார். கடைக்குட்டி குவென்டின் 1918 ஜூலையில், 20 வயதில், விமானச் சண்டையில் கொல்லப்பட்டார். ஆறு மாதம்கூட ஆகவில்லை, 1919 ஜனவரி 6-ம் தேதி தூக்கத்திலேயே ரூஸ்வெல்ட் உயிர் பிரிந்தது. வயது 60.

உடம்பைத் தானே உருவாக்கிக்கொண்டவர் என்றுதான் உலகம் அவரை நினைவில் வைத்திருக்கிறது. பொய்யில்லை. ஆனால் அந்த உழைப்பைத் தொடங்கும் வயது வரை அவன் தாக்குப்பிடித்ததில், தன் தூக்கத்தை விட்டுவிட்டு நடுராத்திரியில் வண்டி பூட்டிய ஓர் அப்பாவுக்கும் பங்கு உண்டு.