கொரியாவின் நடுவே நின்ற குடகு வீரர்

காவிரி பிறக்கும் குடகு நாட்டில், மெர்க்காரா நகரில், 1906-ம் ஆண்டு பிறந்தவர் திம்மய்யா. சிறு வயதில் நம் குன்னூரில் படித்தார். இங்கிலாந்தில் பயிற்சி பெற்று ராணுவ அதிகாரியானார். இரண்டாவது உலக யுத்தத்தில் பர்மாவில் போரிட்டார். 1948-ல் காஷ்மீரத்தில், பனி மூடிய ஸோஜி லா கணவாய்க்கு டாங்கிகளை ஏற்றிச் சென்று எதிரிகளைத் திகைக்க வைத்தார்.

ஆனால், சண்டை போடாமல் அவர் செய்த வேலைதான் மிகவும் கடினமானது!

1953 ஜூலை 27-ந் தேதி கொரிய யுத்தம் நின்றது. ஒரே மொழி பேசும் மக்களின் நாட்டுக்குக் குறுக்கே, 4 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு நிலப்பட்டை வகுக்கப்பட்டது. இரு தரப்புப் படைகளும் அதை விட்டு விலகின. அந்தப் பட்டை இன்றும் இருக்கிறது.

ஐ.நா. படையிடம் சிக்கிய கைதிகளில், 22 ஆயிரத்துக்கும் அதிகமான சீனரும் வட கொரியரும் ஊர் திரும்ப மறுத்தனர். உண்மையாகவே மறுக்கிறார்களா? அல்லது மிரட்டலுக்குப் பயந்தா? இதை விசாரிக்க ஐந்து நாடுகளின் கமிஷன் அமைந்தது. திம்மய்யா அதன் தலைவர். கைதிகளைக் காக்கச் சுமார் 6,000 இந்திய வீரர்கள் சென்றனர்.

தென் கொரிய ஜனாதிபதி ஸிங்மன் ரீ, இந்தியர் தம் மண்ணை மிதிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். என்ன செய்வது? கப்பலிலிருந்து ஹெலிகாப்டரில் ஏற்றி, வீரர்களை நேராக அந்தப் பட்டையில் இறக்கினார்கள்! அங்கே அவர்கள் போட்ட முகாமுக்கு 'ஹிந்த் நகர்' என்று பெயர்.

கைதி ஒருவர் ஒரு கூடாரத்துக்கு அழைத்து வரப்படுவார். அவருடைய நாட்டு அதிகாரி, வீட்டுக்கு வரும்படி எடுத்துச் சொல்வார். கூடாரத்துக்கு இரண்டு வாசல்கள். ஒன்று வழியே போனால் தாய், தந்தை, மனைவி, மக்கள். மற்றொன்றில் போனால் அவர்களை மறுபடி காண்பது துர்லபம். பலர் கூச்சலிட்டனர், நாற்காலியை வீசியவர்களும் உண்டு. திரும்பிப் போனவர்கள் சில நூறு பேரே.

கமிஷனில் போலந்தும் செக்கோஸ்லோவாகியாவும் ஒரு பக்கம், ஸ்வீடனும் ஸ்விட்சர்லாந்தும் மறு பக்கம். திம்மய்யா நடுவில். இரு தரப்பாருமே அவரைக் குறை கூறினர். 1954 ஜனவரியில், எஞ்சிய கைதிகளை, முன்பு யார் வசம் இருந்தார்களோ அவர்களிடமே ஒப்படைத்தார். வடக்கும் வேண்டாம், தெற்கும் வேண்டாம் என்ற 88 பேர் இந்தியாவுக்குக் கப்பலேறினர்.

1957 முதல் 1961 வரை அவர் இந்தியத் தரைப்படைத் தளபதி. 1964-ல் ஐ.நா. படைக்குத் தலைமை தாங்க சைப்ரஸ் தீவுக்குச் சென்றார். அங்கும் கிரேக்கருக்கும் துருக்கியருக்கும் இடையே ஒரு கோடு! 1965 டிசம்பர் 18-ந் தேதி, பணியில் இருக்கும்போதே மாரடைப்பால் காலமானார். அவருடைய உருவம் பொறித்த தபால் தலையை சைப்ரஸ் 1966-ல் வெளியிட்டது.