வீணாய்ப் போகாத தச்சு வேலை



டாக்டர் பால் பிராண்ட் 1914-ல் ஒரு மிஷனெரி குடும்பத்தில் பிறந்து, நம்முடைய கொல்லிமலையில் வளர்ந்தார். தகப்பனார் ஜனங்களின் புண்களைக் கழுவிக் கட்டுவதைச் சிறுவயதிலேயே பார்த்தவருக்கு இரத்தம், சீழ் என்றாலே அருவருப்பு. டாக்டர் படிப்பு வேண்டவே வேண்டாம் என்று இங்கிலாந்தில் தச்சு வேலையும் கட்டிட வேலையும் கற்றுக்கொண்டார்.

பிறகு, ஊழியத்துக்கு உதவுமே என்று கொஞ்சம் வைத்தியம் பழகப் போனார். அங்கே சாகக்கிடந்த ஒரு பெண், இரத்தம் ஏற்றினதும் பிழைத்ததைக் கண்டார். அவர் மனம் மாறிற்று. படித்து டாக்டரானார்.

1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் குஷ்டரோகிகளின் மடங்கிப்போன கைகளைத் தொட்டுப் பார்த்தார். அவற்றில் இன்னும் பலம் இருந்தது! வலி தெரியாததால் படுகிற காயங்களே விரல்களை அழிக்கின்றன என்று கண்டறிந்தார். நல்ல தசைநாண்களை இடம் மாற்றித் தைத்து, விரல்களை நிமிர்த்தினார். மூக்கையும் புருவத்தையும்கூடச் சீராக்கினார்.

கை நிமிர்ந்தது, ஆனால் வேலை கொடுக்கத்தான் ஆளில்லை. ஆகவே அவர்களுக்காக நவஜீவ நிலையம் எழும்பிற்று. அங்கே டாக்டரே தச்சு வேலை சொல்லிக்கொடுத்தார். வீணென்று தோன்றிய அந்த வருஷங்களைக் கர்த்தர் எடுத்து உபயோகித்ததை நினைத்து நான் அவரைத் துதிக்கிறேன்.

2003-ல் அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். பிரியமானவர்களே, வியாதியஸ்தருக்காக நாம் ஜெபிக்கிறோம். சுகமாகி வருகிறவருக்கு நம் பக்கத்தில் உட்கார இடம் கொடுப்போமா?